என் கதைகளில் அடி வாங்கும் பிள்ளைகள்

1979 மார்ச் 11, ஞாயிறு. டயறியில் உள்ளபடியே தருகிறேன். சுபஹுத் தொழுகை. கிணற்றடியில் சைக்கிளைக் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். கல்முனைச் சந்தையில் கீரி மீன், வெண்டிக்காய். லுஹர் தொழுகைக்குப் பிறகு சின்னத் தூக்கம். பின்னேர பஸ்ஸில் கொழும்புப் பேப்பர் வந்தது.

அதுவரை நல்ல நாள்.

பேப்பரின் சிறுவர் பக்கத்தில் ஒரு கதை. எழுதியவர் பெயரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஹபீபா! என் மனைவியின் தங்கை. நான் இருப்பது மனைவியின் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா இளைய மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. ஹபீபா கீழ் வகுப்பு டீச்சர். இதுவரை ஒரு வரியும் எழுதாதவள்... அல்லது எழுதி எனக்குக் காட்டாதவள்.

அந்தச் சிறுவர் பக்கம் யாருடையது? சட்டப்படி என்னுடையது இல்லை. ஆனால் இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கும் உங்களுக்குத் தெரியும் — சிறுவர் பக்கம் என்றால் மாதம் தவறாமல் என் கதை. இந்த மாதம் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். படத்தோடு. எனக்கு ஒரு தடவையாவது படம் போட்டார்களா?

கதை இதுதான். ஒரு வாப்பா தன் மகனை முதன்முதலாக ஒரு வாத்தியாரிடம் படிக்கக் கொண்டுபோய் விடுகிறார். தட்டில் வாழைப்பழம், வெற்றிலை. நம் வாப்பாமார் எல்லோரும் சொல்லும் வசனத்தை அவரும் சொல்கிறார்: "சேர், கண் ரெண்டும் எனக்கு. தோலும் சதையும் உங்களுக்கு." அதாவது, கண்ணைத் தவிர எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். சேர் சிரிக்கிறார். வாப்பாவும் சிரிக்கிறார். பையன் மட்டும் வீடு வரும்வரை பங்கு பிரித்துப் பார்க்கிறான். கண் வாப்பாவுக்கு. தோல் சேருக்கு. அப்படியானால் எனக்கு எது?

அடுத்த நாள் அடி விழுகிறது. அவன் அழவில்லை. தோல் சேருடையது, அவருடைய சாமானை அவர் அடிக்கிறார், எனக்கென்ன என்று நிற்கிறான். தினமும் அப்படியே. ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் பிள்ளை மெதுவாகக் கேட்கிறது: "நோகுதா?" அந்தக் கேள்விக்குத்தான் பையன் அழுகிறான். கதை முடிந்தது.

முடிந்ததா? சேர் திருந்தினாரா? இல்லை. வாப்பா வருந்தினாரா? இல்லை. பையன் டாக்டராகி வந்து, "அன்று நீங்கள் அடித்ததால்தான், சேர்" என்று கையைப் பிடித்து முத்தமிட்டானா? அதுவும் இல்லை. மிச்சம் அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று பேப்பரைத் திருப்பினேன். அங்கே பல்பொடி விளம்பரம்.

நல்ல கதை. அதுதான் என் வயிற்றெரிச்சல்!

கெட்ட கதையென்றால் வேலியடிக்குப் போய் நாலு வார்த்தை பாராட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசனத்தை நானும்தான் ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு கதை ஒளிந்திருப்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஹபீபாட கதைய வாசிச்சீங்களா?" மனைவி கேட்டாள். கண் கலங்கியிருந்தது. என் கதையை வாசிக்கும்போது அவள் கண் ஒரே ஒரு தடவைதான் கலங்கியிருக்கிறது. அப்போது மடியில் வெங்காயம் இருந்தது.

"பரவாயில்ல. முடிவுதான் சரியில்ல."

"முடிவுதான் நல்லம். ஒங்கட கதையில புள்ள கடைசீல மன்னிப்புக் கேக்கும், எல்லாரும் சிரிப்பாங்க. புள்ளைகள நித்திரையாக்க அது நல்லம்தான்."

பாராட்டா, கேலியா? கேட்கத் தைரியம் வரவில்லை.

என் கதைகள் தேதி வாரியாக ஒரு பைலில் இருக்கின்றன. எடுத்துப் புரட்டினேன். நம் சிறுவர் கதைகளில் ஒரு வேடிக்கை உண்டு. மாற்றாந்தாய் அடித்தால் கொடுமை. பெற்ற தாய் அடித்தால் பாசம். இரண்டு பேர் கையிலும் அதே பூவரசங்கம்புதான்! அடிப்பது பெற்ற கையா, பெறாத கையா என்று முதுகுக்குத் தெரியுமா என்ன? ஆனால் கதை எழுதுகிறவனுக்கு அது வசதி. மாற்றாந்தாய்க்குத் தண்டனை கொடுத்துவிடலாம். பெற்றோருக்கு நன்றி சொல்லிவிடலாம். பிள்ளைக்கு வலித்ததா என்று கேட்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று. என் கதைகளில் ஒரு பிள்ளையும் காரணமில்லாமல் அடி வாங்கியதில்லை. மாங்காய் திருடும், பொய் சொல்லும், சொல்லாமல் கடற்கரைக்குப் போகும். அடி விழும். திருந்தும். ஒழுங்கான கதைகள். எனக்கு ஒழுங்கு பிடிக்கும்.

ஆகவே ஹபீபாவின் கதையையும் ஒழுங்காக்க நினைத்தேன். பேப்பர் ஓரத்தில் பென்சிலால் ஒரு முடிவு எழுதினேன். சேர் மனம் வருந்துகிறார், பையன் கணக்கில் நூறு எடுக்கிறான். அழகான முடிவு. பேப்பரை மடித்துக்கொண்டு வேலிப் படலையைத் திறந்தேன்.

அவள் வீட்டு முன்வாசலில் ஹபீபா இருந்தாள். எதிரே என் மகள் பரீதா, பத்து வயது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பரீதா அவசரமாக முக்காட்டை இழுத்து விட்டாள்.

நான் வந்ததும் என் மகள் பேச்சை நிறுத்துகிறாள். அதுவும் ஹபீபாவின் வாசலில்! கதை வந்ததைவிட அதுதான் சுருக்கென்றது.

"என்ன ரகசியம்?" என்றேன்.

"ஒண்டுமில்ல வாப்பா."

"இவட காதப் பாருங்க மச்சான்," என்றாள் ஹபீபா.

பரீதா மாட்டேன் என்று தலையாட்டினாள். ஹபீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முக்காட்டை விலக்கினாள். தோடு போடும் காதுச் சோணை வீங்கி, கீழே கறுத்து, பொருக்குக் கட்டியிருந்தது. மற்றக் காதும் அப்படித்தான்.

ரியூஷன் மாஸ்டர். ஸ்கொலர்ஷிப் சோதனைக்காக நானே கொண்டுபோய்ச் சேர்த்த இடம். கணக்குப் பிழைத்தால் காதுச் சோணையில் ஒரு மணற்பருக்கையை வைத்து நகத்தால் கிள்ளுவாராம். பிழைக்குப் பிழை ஒரு கிள்ளு.

கொஞ்ச நாளாகப் பிள்ளை வீட்டுக்குள்ளும் முக்காட்டை எடுப்பதில்லை. நானும் மனைவியும் எவ்வளவு பெருமைப்பட்டோம்! இந்த வயதிலேயே இவ்வளவு மார்க்கப் பேணுதல் என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொன்னோம்.

"எப்ப புள்ள காட்டின இவ?" என்று ஹபீபாவிடம் கேட்டேன்.

"இப்பதான். இஞ்ச வந்து எங்கட பேப்பர வாசிச்சா. 'சாச்சி, எனக்கும் நோகுது' எண்டா."

கதை வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. என் கதைகள் எத்தனை வருடமாக வருகின்றன! ஒரு பிள்ளையும் ஒரு நாளும் என்னிடம் வந்து காதைக் காட்டியதில்லை. ஊர்ப்பிள்ளைகளை விடுங்கள், என் பிள்ளை?

"வாப்பாக்கிட்ட ஏன் செல்லல்ல மகள்?"

பரீதா நிலத்தைப் பார்த்தாள். "பிழை செஞ்ச புள்ளைக்கித்தானே அடி விழும். நீங்கதானே எழுதிரிக்கீங்க."

"அதுக்காக இப்பிடியா? இந்தளவுக்குக் கிள்ள மாஸ்டருக்கு ஆர் செல்லின?"

"நீங்கதான். கண் எனக்கு, மத்ததெல்லாம் ஒங்களுக்கு எண்டு மாஸ்டர்ட செல்லல்லயா?" அவளுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. விளங்காதவருக்கு விளக்குவதுபோல் சொன்னாள்: "காது கண்ணில்லயே வாப்பா."

ஹபீபா வேறு பக்கம் பார்த்தாள். பென்சிலால் முடிவு எழுதிய பேப்பரை நான் இன்னும் சின்னதாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பேசினோம். மனைவி பிள்ளையின் காதைப் பார்த்து அழுதாள். பிறகு கணக்குப் போட்டாள். "அந்த மனுசன் ரோசக்காரன். நாம ஏதும் கதைச்சா புள்ளைய நிப்பாட்டிருவார். இஞ்ச வேற ஆர் இரிக்கா? வருசம் வருசம் அவர்ட வகுப்புப் புள்ளைகள்தானே பாஸ் பண்ணுது."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மாஸ்டர் பள்ளிவாசலில் என் பக்கத்தில் நிற்பவர். பெருநாளைக்கு வீடு வந்து சாப்பிடுபவர். ஆளை எப்படிப் பகைப்பது? மெதுவாக, ஒரு நாளைக்கு, பக்குவமாக... என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹபீபாவின் குரல் வந்தது.

"மச்சான், நீங்க போகாட்டி நான் போறன். காலையில ஸ்கூலுக்குப் போற வழியில கதைச்சிட்டுப் போறன்."

கதையும் அவள் எழுதுவாள். காதும் அவளிடம்தான் காட்டப்படும். இப்போது என் மகளுக்காக மாஸ்டரிடம் போய்க் கதைப்பதும் அவளா? அப்புறம் வாப்பா என்று நான் எதற்கு?

"நீ போக வேணா. நான் போறன்," என்றேன். ஊருக்கே கேட்டிருக்கும்.

பொறாமை கெட்ட குணம் என்று எழுதாத சிறுவர் கதை உண்டா? நானே எழுதியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: அன்பு என்னைப் படலைவரைதான் கொண்டுபோயிருக்கும். மாஸ்டர் வீட்டுவரை தள்ளிக்கொண்டு போனது பொறாமைதான்.

மார்ச் 12, திங்கள். சுபஹு முடிந்த கையோடு பரீதாவைச் சைக்கிளின் முன் பாரில் ஏற்றிக்கொண்டு போனேன். அடிக்கச் சொன்னது அவள் முன்னால்; அடிக்கக் கூடாது என்பதையும் அவள் முன்னால்தானே சொல்ல வேண்டும்?

மாஸ்டர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "என்ன, விடியக் காலையில?"

"மாஸ்டர், இவளக் கொண்டுவந்து விட்ட அண்டைக்கு நான் செல்லினது பிழ. இனி இவளில ஒங்கட விரல் படப்படா. கணக்குப் பிழச்சா திருப்பிச் செய்ய வைங்க."

அவர் ஆறுதலாக வாயைக் கொப்பளித்தார். "எல்லா வாப்பாமாரும் அடிங்க அடிங்க எண்டுதானே கொண்டுவந்து உடுறீங்க? நான் என்ன ஆசைக்கா அடிக்கன்?"

அது நியாயமான கேள்விதான். ஆனால் நான் இடத்தை விட்டு நகரவில்லை.

"சோதனையில பெயில் எண்டா என்னில குறை செல்லப்படா," என்றார்.

"செல்ல மாட்டன்."

"அப்ப பின்னேரம் அனுப்புங்க." முகம் கொடுக்காமல் வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

திரும்பும் வழியில் பரீதா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தாள். கடற்கரை வீதியில் திரும்பியதும் கழுத்தை வளைத்து என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, இதையும் சாச்சிக்கிட்ட செல்லட்டா? அவ நல்ல கதையா எழுதுவா."

வீட்டுக்கு வந்ததும், தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் மேசையில் உட்கார்ந்து இந்தப் பத்தியை எழுதிவிட்டேன் — ஹபீபா முந்திக்கொள்வதற்குள்!