எட்டாவது பிட்

மட்டாஞ்சேரியில் என் மனைவிக்குத் தமிழில் பேச ஆள் இல்லை. நான் அலுவலகத்தில் இருக்கும் நேரமெல்லாம் வீட்டுக் கணினியில் தமிழில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள். என்னவென்று நான் கேட்டதில்லை. போன வருடம் அவள் இறந்த பிறகுதான் படிக்கத் தோன்றியது.

அந்தப் பழைய கணினியில் பென் டிரைவ் செருக இடமில்லை. கேபிளால் புதுக் கணினியோடு இணைத்து, டெர்மினல் மென்பொருள் வழியாகக் கோப்புகளை அனுப்பினேன். அலுவலகத்தில் முப்பது வருடம் செய்த வேலைதான். காக்கநாட்டிலிருந்து மகள் வந்திருந்தாள்.

"அப்பா, திறந்து பார்த்துட்டு பழைய டிஸ்க்கை அழிங்க."

"சைஸ் டாலி ஆயிடுச்சு. எனக்குத் தெரியாத ப்ரொசீஜரா?"

"சாருக்கு யாரு சொல்லித் தர்றது! சாயா போட்டுட்டு வரேன், அதுவரைக்கும் சும்மா இருங்க."

அளவு சரியாக இருந்தால் மூலத்தை அழிப்பதுதான் நடைமுறை. சாயா வருவதற்குள் அழித்துவிட்டேன்.

பிறகு திறந்தேன். திரை முழுக்கக் குப்பை. எழுத்துக்கு ஏழு பிட் என்று பழக்கத்தில் அமைத்திருந்தேன். அலுவலகத்து ஆங்கிலத்துக்கு அது போதும். அவளுடைய தமிழுக்கு எட்டு வேண்டும்; அனுப்பும்போது ஒவ்வொரு எழுத்திலும் எட்டாவது பிட் உதிர்ந்துவிட்டது. ஏழிலேயே அடங்கும் எண்கள் மட்டும் தப்பியிருந்தன. ஒவ்வொரு நாள் குறிப்பும் தேதியில் தொடங்கி ஒரு நேரத்தில் முடிந்தது: 5.30, 6.45, 8.10.

"இது என்ன டைம்ப்பா?"

8.10 இருந்த குறிப்பின் தேதி எங்கள் திருமண நாள். நான் வீடு திரும்பிய நேரங்கள் அவை.

அன்று அவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பாள். அந்தத் திட்டையாவது படிக்கக் கிடைத்திருக்கலாம்.