தாளில் மட்டும் நன்றாக இருந்தவர்

என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்தில் நாற்பது ஜிப் தைத்தார் என்று யாராவது சொன்னால், சொன்னவரை நான் ஏற இறங்கப் பார்ப்பேன். முப்பது, மிஞ்சிப் போனால் முப்பத்தைந்து. பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறார். துளி கோணல் இருந்தாலும் பிரித்துப் போட்டு மறுபடி தைக்கிற ஆள். வேகம் வராது. ஆனால் அவர் தைத்த பை குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை.

எங்கள் கம்பெனியில் யாருக்கும் பெயர் தங்காது. செய்கிற வேலையே பெயர். அவர் ஜிப்பு. பக்கத்து மெஷின்காரன் கைப்பிடி. மாடியில் நூல் பிசிறு வெட்டுகிற நான் பிசிறு. எங்கள் கல்யாணப் பத்திரிகையிலாவது நிஜப் பெயரைப் போட்டார்களே, அதுவே பெரிய விஷயம்.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. பிரஷர் மாத்திரையை அவர் இரண்டு வாரமாகத் தொடவே இல்லை என்று அட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"தலைவலியே இல்ல, எதுக்கு மாத்திரை?" என்றார்.

"அப்போ எக்கேடும் கெட்டுப் போங்க" என்றேன். சொன்ன வாயை இப்போதும் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மதியம் அவர் சாப்பிட மாடிக்கு வரவில்லை. முறுக்கிக்கொண்டு திரிகிறார், இருக்கட்டும், தானாக ஏறி வரட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். அவர் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். பத்துப் படி இறங்கிப் போய் எட்டிப் பார்க்க என் திமிர் விடவில்லை.

மூன்றரைக்கு ஒருத்தி ஓடி வந்தாள். "அக்கா, அண்ணன் எழுந்திருக்க மாட்டேங்கிறாரு!"

கீழே அட்டைப்பெட்டிக் குவியலுக்குப் பின்னால் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தன்னுடையதே இல்லை என்பதுபோலக் கிடந்தது. கண் என்னைப் பார்த்தது, வார்த்தை வரவில்லை. கைப்பிடிதான் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டான். சூப்பர்வைசர் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. முதல் கேள்வியே அதுதான். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க?"

சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "மூணு மணி வரைக்கும் நல்லாத்தான் மேடம் வேலை பார்த்தாரு. இதோ, அவரோட தாளே இருக்கு."

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தாள் தொங்கும். மணிக்கு ஒரு கட்டம். எத்தனை தைத்தோமோ அதைத் தைத்தவரே எழுத வேண்டும். அந்தத் தாளைத்தான் ஏதோ நற்சான்றிதழ் போல நீட்டினார்.

"அப்போ ஒரு மணி நேரம்தான் ஆகுது" என்றார் டாக்டரம்மா. "ஸ்கேன்ல பார்த்துட்டோம், மூளைக்குப் போற பெரிய குழாயில ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கரைக்கிற ஊசி போடலாம். நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா உள்ளேயே ரத்தம் கசியற ஆபத்து இருக்கு." நர்ஸிடம் திரும்பி, ஊசியைத் தயார் செய்யச் சொன்னார்.

நான் தாளைப் பார்த்தேன். எட்டு மணிக்கு முப்பத்து மூன்று, ஒன்பதுக்கு முப்பத்தொன்று. அவருடைய சாய்ந்த எழுத்து. பத்து மணிக் கட்டத்திலிருந்து அவர் எழுத்து இல்லை. அங்கிருந்து மூன்று மணி வரைக்கும் நாற்பது, நாற்பது, நாற்பது. எல்லாம் குண்டு குண்டான எழுத்து.

எனக்கா தெரியாது அந்த நாற்பது? அதைத் தொடங்கி வைத்த மகராசியே நான்தானே! எங்கள் கம்பெனியில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் அரை நாள் லீவு போட்டுச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். காய்ச்சல், தலைசுற்றல் என்று எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது. மகள் வயிற்றில் இருந்தபோது நானும் கீழே மெஷினில்தான் இருந்தேன். வாந்தி எடுத்தே ஓய்ந்து போவேன். "என் தாள்ல நாற்பதுன்னு போட்டுருங்கடி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் வேலையைப் பங்கு போட்டுத் தைத்தார்கள். அன்றிலிருந்து யாருக்கு முடியவில்லை என்றாலும் அதே வழிதான், அதே நாற்பதுதான்.

கைப்பிடியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"டேய், உண்மையைச் சொல்லு. எத்தனை மணிக்கு?"

"அண்ணி..."

"அண்ணியாவது பன்னியாவது! எத்தனை மணிக்குடா?"

அவன் உடைந்து அழுதான். "பத்தரைக்கே கை மரத்துப் போச்சுன்னாரு அண்ணி. பேச்சும் குழறுச்சு. சரியாத் தூங்கலபோல, கொஞ்சம் படுத்தாச் சரியாயிடும்னு நினைச்சோம். அரை நாள் போயிடக் கூடாதேன்னு அவர் பங்கையும் நாங்களே தைச்சோம். சத்தியமா நல்லதுன்னு நினைச்சுத்தான் அண்ணி..."

"ஊசி வேண்டாம், நிறுத்துங்க!" என்று டாக்டரம்மா கத்தியது அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது.

மறுபடி ஒரு ஸ்கேன். பிறகு என்னிடம் வந்து வேகமாகச் சொன்னார். "இன்னும் உயிரோட இருக்கிற பகுதி கொஞ்சம் இருக்கும்மா. தொடை இடுக்கு வழியா மெல்லிசா ஒரு குழாயை மூளை வரைக்கும் கொண்டு போய், கட்டியைப் பிடிச்சு வெளிய இழுக்கப் போறோம். உறுதி எதுவும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசர் நைசாகக் கிளம்பப் பார்த்தார். விடுவேனா?

"கால் மணி நேரம் உட்கார்ந்தா அரை நாள்னு போடுறீங்களே, அஞ்சு மணி நேரமா ஒரு மனுஷன் பெட்டிக்குப் பின்னாடி கிடந்தது கண்ணுக்குத் தெரியலையா சார்?"

"தாள்ல நாற்பது இருந்துச்சும்மா. ரூல் என்ன நான் போட்டதா?"

"தாளைப் பார்த்தீங்க. ஆளைப் பார்த்தீங்களா?"

அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. படி இறங்கிப் பார்க்காத நான்தானே கேட்கிறேன்!

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். உள்ளே அரிசி நீளத்துக்குக் கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இத்துனூண்டு! இதுவா என் புருஷனைச் சாய்த்தது? குப்பியைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாமா என்று இருந்தது.

உயிர் தங்கியது. ஆனால் ஒரு மாதத்துக்கு அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தைதான்: "இல்ல." சாப்பிட்டீங்களா? இல்ல. வலிக்குதா? இல்ல. நான் யாருன்னு தெரியுதா? "இல்ல" என்றுவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து குழந்தை மாதிரி அழுவார். "பதினெட்டு வருஷமா இதைத்தானே சொல்றீங்க, புதுசா என்ன?" என்று நானும் அழுதுகொண்டே கிண்டல் செய்வேன்.

வலது கைக்குப் பந்து அமுக்கும் பயிற்சி. விரல் பாதிதான் மடங்கும். எரிச்சலில் இடது கையால் பந்தை வீசுவார், நான் பொறுக்கி வந்து திட்டுவேன், மறுபடி வீசுவார். மாத்திரையை மட்டும் என் முகத்தைப் பார்த்தே முழுங்கிவிடுவார். பேச்சுப் பயிற்சிக்காரர் எண்களைச் சொல்லச் சொல்வார். எட்டு வரை வருவார். அதோடு நின்றுவிடுவார். ஸ்பூன் மட்டும் வலது கையில் நிற்கவே இல்லை.

ஆறாவது மாதம் வேலைக்குப் போயே தீருவேன் என்று நின்றார். பென்சில் பைகளுக்கு ஜிப் வைக்கிற சின்ன வேலை. ஒரு வாரம் பார்ப்போம், ஆகவில்லை என்றால் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கால் மணி நேர ரூல் இன்னும் சுவரில்தான் ஒட்டியிருந்தது.

முதல் மணி முடிந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீழே இறங்கினேன். அவர் பக்கத்தில் தைத்து முடித்தவை ஒன்பது. தாளில் முதல் கட்டம் காலி. சூப்பர்வைசர் அந்த வரிசைக்கு வந்துகொண்டிருந்தார்.

என்னைக் கேட்காமலே என் கை பென்சிலை எடுத்தது. நாலு போட்டுவிட்டேன். பக்கத்தில் சுழியம் போடப் போனேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஸ்பூன் நிற்காத அதே வலது கை. எலும்பு நோகும்படி பிடித்தது.

"இல்ல" என்றார்.

முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அடுத்ததற்காக முட்டி மோதினார். எட்டில் நிற்கிற மனிதர்.

"ஒம்... ஒம்பது."

நாலை அடித்துவிட்டுப் பென்சிலை அவரிடம் கொடுத்தேன். அவர் எழுதிய ஒன்பது கோணிக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போனது. சூப்பர்வைசர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாப் பார்த்துக்கங்க சார்" என்றேன், மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி. "ஒம்பதுதான்!"