சாப்பாடு முடிந்தால்தான் விசில்

பஸ் டிப்போவில் அவருக்குச் சர்க்கரைக்கட்டி என்று பெயர். டீ என்றால் மூன்று கரண்டி சீனி வேண்டும். வெயில் காலத்தில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கலர் சோடா பாட்டில் எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். அவர் ஓட்டிவிட்டு இறங்கினால் ஸ்டியரிங்கில் எறும்பு ஏறும் என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் நிஜமாகவே சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அளவைக் குறைத்து, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். இவர் காதில் விழுந்தது 'குறை' என்பது மட்டும். சோடாவையும் சீனியையும் விட்டதோடு நிற்காமல், காலைச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். சில நாள் மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டார். மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினார். மனைவி சத்தம் போட்டதற்கு, நோயை வந்த வழியே விரட்டுகிறேன் என்று பெருமையாகப் பதில் சொன்னார்.

அவர் ஓட்டிய பஸ்ஸின் கண்டக்டர் அவரைவிட நாலைந்து வயது மூத்தவள். டிப்போவே அவளை அக்கா என்றுதான் அழைக்கும். ஒருநாள் சாலையில் பள்ளம் தோண்டியிருந்ததால் பஸ் தாமதம். அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே அடுத்த நடையைக் கிளப்பினார். பாதி வழியில் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. எதிரே இருந்த சிக்னல் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. எப்படியோ பஸ்ஸை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கணவருக்கும் இதே நோய் இருந்ததால், முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, மத்தியானம் சாப்டீங்களா?"

"அடுத்த ட்ரிப்ல சாப்பிடலாம்னு..."

அவள் திரும்பிப் பயணிகளிடம் இனிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பையிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அந்த நிலையிலும் அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"வேணாம்க்கா, இனிப்பு எனக்கு ஆகாது."

"மத்த நேரத்துக்குத்தான் ஆகாது. இப்ப சர்க்கரை இறங்கிப்போச்சு, இதுதான் மருந்து. குடிங்க."

குடித்தார். சற்று நேரத்தில் நடுக்கம் அடங்கியது. ஆனாலும் அவரை ஓட்ட விடவில்லை அவள். டிப்போவுக்குப் போன் போட்டு வேறு டிரைவரை வரவழைத்தாள். அதுவரை அவர் மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, கடைசிக் கவளம் இறங்கும்வரை எதிரிலேயே நின்றாள். முணுமுணுத்துக்கொண்டு ஒரே ஒருவர் இறங்கிப் போனார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

டாக்டர் மாத்திரையை மாற்றி, சில வாரம் வண்டி தொடக் கூடாது என்றார். திரும்பி வந்தபோது அக்காவின் சட்டம் அமலுக்கு வந்திருந்தது: டிரைவர் சாப்பிட்டு முடிக்காமல் விசில் கிடையாது. அவளும் அவர் மனைவியும் போனில் கூடிப் பேசி டிபன் பாக்ஸையே மாற்றிவிட்டார்கள். ஒரு மூலையில் சோறு, பாதிக்குக் கீரையும் காய்களும், மிச்சத்தில் அவித்த பயறோ முட்டையோ. ஜன்னல் பக்கம் வரும் வாடிக்கைப் பயணிகள், வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்பதை விட்டுவிட்டு, "சாப்பிட்டாச்சா டிரைவர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சீனியில்லாத டீ முதலில் தொண்டையில் இறங்க மறுத்தது. துணைக்குத் தானும் சீனியை விட்டுவிட்டதாக அக்கா அறிவித்தாள். ஒருநாள் பஸ்ஸுக்குப் பின்னால் கலர் சோடாவும் கையுமாக அவள் நிற்பதைப் பார்த்துவிட்டார். அவள் அசடு வழிந்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை; வயிறு வலிக்கச் சிரித்தார். நோய் வந்தபின் அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

அவள் ஓய்வுபெற்ற நாளில் டிப்போவில் கேக் வெட்டினார்கள். தானே சின்னத் துண்டாக நறுக்கி அவரிடம் கொடுத்தாள்.

"இதைச் சாப்பிடுங்க தம்பி. இன்னைக்குச் சோத்துல ஒரு கரண்டி குறைச்சுக்கோங்க. பயந்துக்கிட்டே சாப்பிடாதீங்க."

அந்தத் துண்டை அவர் வெகுநேரம் மென்றார்.

பிறகு வந்த கண்டக்டர்களும் நல்லவர்களே. அதற்குள் அவர் யாரும் சொல்லாமலே நேரத்துக்குச் சாப்பிடப் பழகியிருந்தார். அவரும் ஓய்வுபெற்று வருடங்கள் ஓடிவிட்டன. கண்ணும் காலும் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். மகள் வீட்டோடு போய்விட்ட அக்கா எப்போதாவது போன் செய்வாள். அவளுக்குக் காது மந்தம். தட்டில் என்னென்ன இருக்கிறது என்று அவர் கத்திச் சொல்ல, சமையலறையில் மனைவி சிரிப்பாள்.

சோடாவின் ருசி அவருக்கு மறந்தே போய்விட்டது. நினைவில் நிற்பதெல்லாம் அந்த மதியங்கள்தான். எஞ்சின் அணைந்த காலி பஸ், சூடேறிய சீட்டின் ரெக்சின் வாசனை, முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு தன் மகளின் சேட்டைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும் அக்கா. கதை முடியட்டும் என்பதற்காகவே கடைசிக் கவளத்தை அவர் வேண்டுமென்றே தாமதப்படுத்திய நாட்களும் உண்டு.