வெட்டு மூலை

ஸ்ட்ராபெரி ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு ‘இலைக்காரி’ என்றே பெயர். நாற்றுகளின் இலையில் பொட்டு அளவு வெட்டியெடுத்து, குழித்தட்டில் வரிசையாகப் போடுவது அவள் வேலை. இயந்திரம் அதன் மரபணுவைப் படித்து, எந்தச் செடி வேரழுகல் நோயைத் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். தாங்காதது குப்பைக்கு. தட்டின் வெட்டுப்பட்ட மூலை இடப்பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்; மாறினால் ஒரு செடியின் முடிவு இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடும். தூக்கத்தில்கூடச் செய்வேன் என்று பீற்றிக்கொள்வாள்.

அன்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அண்ணன், கூடத்தை நடத்தும் மேடம் மாதிரியே நடந்து காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே தட்டைத் திருப்பி வைத்துவிட்டாள். கவனிக்கவே இல்லை.

தேறியதென்று பாத்தியில் நட்ட செடிகளில் பெரும்பாலானவை அழுகிச் சாய்ந்தன. “தண்ணிய ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்க” என்று மேடம் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

இலைக்காரிக்குத்தான் உண்மை தெரியும். குப்பைக்குப் போன நாற்று ஒன்றை, மனசு கேட்காமல், அழுகல் நோயுள்ள அதே பாத்தி மண்ணோடு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். முதலில் சாக வேண்டிய அது சன்னலோரம் ஜம்மென்று காய்த்து நின்றது. அன்றைக்கு வெட்டு மூலை வலப்பக்கம் கையில் இடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நினைவு வந்தவுடனே வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடுமே என்று பயந்து மூடிக்கொண்டாள். “தேன் மாதிரி இருக்கும்மா” என்று மகள் பழத்தைத் தின்றபோது இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனின் கடைசி நாளன்று தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சொல்லும் துணிவு அப்போதும் இல்லை. செடியை அவருக்குக் கொடுத்தாலாவது மனசு ஆறும் என்று ஒரு நப்பாசை.

பையோடு கூடத்து வாசலில் நின்ற அண்ணன், பழக்கதோஷத்தில் தொட்டி மண்ணில் விரலை விட்டார்.

“காஞ்சு கெடக்கே தங்கச்சி. தண்ணி காட்ட மாட்டியா?”

குழாயடியில் குவளையை நிரப்பி வந்தார். ஊற்றப் போன கை பாதியில் நின்றது. குவளையை அவளிடம் நீட்டினார்.

“நீயே ஊத்தும்மா. எனக்கு அளவு தெரியல போலிருக்கு.”

எத்தனை வருஷம் ஊற்றிய கை! அவள் குவளையை வாங்காமல், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இது உங்களுக்குன்னுதான் கொண்டாந்தேன். ஆனா மேடம் மேசைக்குத்தான் போகணும். நீங்களும் வாங்க. செடியக் கொன்னது நீங்க இல்ல, நான்.”