பாவின் மேல் போன காற்று

உஷாராணி சித்தி குமாரபாளையத்தில் வீட்டோடு இரண்டு விசைத்தறி ஓட்டுகிறார். சித்தப்பா நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லுக்கு வேலைக்குப் போய்விடுவதால் பகல் முழுக்கத் தறிகள் அவர் பொறுப்பு. பழைய தறிக்கூடம் மண்சுவரும் நாட்டு ஓடும்; தெருப்பக்கம் ஒரு சின்ன சன்னல். கோடையில் ஒரு மணிக்கெல்லாம் ஓடு காய்ந்து அனல் இறங்கும். தறிகளை நிறுத்திவிட்டு நாலு மணி வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். போன மழையில் ஒரு சுவர் சரிந்து, புதிதாகக் கட்ட நேர்ந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த மூன்று மணி நேரமும் தறி ஓட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பொறியியல் படித்தவன் நான். கொத்தனார் மணியன், மண்சுவரையே தடிமனாக எழுப்பி ஓடு போட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை. துளை விட்ட சுடுமண் கல்லில் சுவர், கான்கிரீட் கூரைமேல் வெள்ளைக் கூலிங் டைல்ஸ், எதிரெதிரே இரண்டு பெரிய சன்னல். மேற்கே நுழையும் காற்று கிழக்கே வெளியேறும் என்று தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினேன்.

"இந்தக் காத்து பாவு மேலயா போவுது?" என்றார் சித்தி.

"ஆமாங்க சித்தி. நேரா."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. படித்தவன் சொல்கிறானே என்று விட்டிருப்பார்.

வைகாசியில் போய்ப் பார்த்தேன். கூடம் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் மதியம் இரண்டு மணிக்குத் தறிகள் நின்றிருந்தன. காற்றில் நூல் காய்ந்து, தறியில் நீளவாக்கில் விரித்த பாவில் இழை இழையாக அறுந்து கிடந்தது. சித்தி குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கூடம் எனக்கு நல்லாத்தான் இருக்குது சாமி. நூலுக்குத்தான் ஆவறதில்ல."

நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். சின்ன வயதில் நூல் காயாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. படம் வரைய உட்கார்ந்தபோது அது ஏன் நினைவுக்கு வரவில்லை? படிப்பு மறக்கடித்ததா, தறியிலிருந்து தப்பிக்கவே படித்ததால் நானே மறந்தேனா? இன்னும் தெளிவில்லை.

பழைய மாதிரியே கட்டியிருக்கலாமோ என்று மெதுவாகக் கேட்டேன். சரிந்து விழுந்த கூடத்துக்கா ஆசைப்படுகிறாய் என்று சித்தி சிரித்தார். கல்லும் வெள்ளைக் கூரையும் அப்படியே இருக்கட்டும், காற்றைத்தான் அடக்க வேண்டும் என்றார்.

மேற்குச் சன்னலைத் தறி உயரத்துக்குக் கல் வைத்து அடைத்தோம். மேலே மிஞ்சிய திறப்பில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். கலவை பூசிக்கொண்டே மணியன், "தாள்ல போட்ட அம்பை இப்ப எங்கீங்க வெக்கறது?" என்றார். நான் சாக்கைக் காட்டினேன்.

மறுநாள் ஒரு மணிக்குச் சித்தி தறிகளை நிறுத்தவில்லை. இரண்டு மணிக்குச் சாக்கு காய்ந்துவிட்டது. குடத்தை எடுத்துப் போய் நனைத்தேன். மூன்று மணிக்கு மறுபடி. அதுவரை இரண்டே இழைதான் அறுந்தது.

மூன்றரை மணிக்கு மில்லிலிருந்து வந்த சித்தப்பா, சித்தியைத் தேடிப் பழக்கத்தில் நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே யாரும் இல்லை.