ஹஃபீலா தப்பாகச் சொன்ன ஓட்டம்

எத்தாளையில் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் மைல் ஓட்டம் நடக்கும். கடற்கரை மீன்வாடியடியில் தொடங்கிப் பள்ளிவாசல் சந்தியில் முடியும். அது சரியாக ஒரு மைல்தானா என்று அளந்து பார்த்தவர் எவருமில்லை. வாப்பாமார் காலத்தில் மைல் என்றார்கள், அதனால் மைல். இளைஞர்களின் ஓட்டத்துக்கு வருகிற கூட்டம் ஒரு கூட்டமே அல்ல. அதற்குப் பிறகு நடக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டத்துக்குத்தான் ஊர் திரண்டு வரும். சொந்தப் புருஷன் தொந்தி குலுங்க ஓடி வருவதை வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதைவிடப் பெருநாள் இன்பம் வேறென்ன வேண்டும்?

அந்த ஓட்டத்தில் யார் எப்படி வருவார் என்று முன்கூட்டியே சொல்வதில் ஹஃபீலாவை மிஞ்ச ஆளில்லை. ஓடும் வழியில் பாதித் தூரத்தில், ஐஸ் ஆலைக்கு எதிரே, அவளுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பெருநாள் நெருங்கினால் நாற்பது தாண்டியவர்கள் அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு அந்த வழியால்தான் ஓடிப் பழகுவார்கள். கடையைக் கடக்கும்போது ஹஃபீலா ஒவ்வொருவரிடமும் ஏதாவது கேட்பாள்.

“நானா, மகள்ட கலியாணம் எப்ப?”

கலியாணத் திகதியும் மண்டபமும் மாப்பிள்ளையின் தொழிலும் ஓடிக்கொண்டே சொல்லி முடித்தால், அந்த ஆளிடம் நல்ல ஓட்டம் இருக்கிறது. “வாற மாசம்” என்று மட்டும் வந்தால் நடுவில் எங்கேயாவது வருவார். வெறும் கையை ஆட்டிவிட்டுப் போனால் சந்தியைப் பார்க்கமாட்டார். அவ்வளவுதான் அவளுடைய வித்தை. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஊர்க்கதை அறிகிற ஆசையில் கேட்கிறாள் என்று ஊர் நினைத்தது. அந்த ஆசையும் அவளுக்கு இல்லாமலில்லை.

இந்த வருடம் ஓடுகிறவர்களில் அவளுடைய புருஷன் ஃபஸ்லானும் ஒருவன் என்றபோதுதான் வித்தைக்குச் சோதனை வந்தது.

ஃபஸ்லான் சங்கும் கடலட்டையும் எடுக்கிற சுழியோடி. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மற்றவர்கள் காற்று முடிந்து மேலே வந்த பிறகும் அவன் கீழேயே இருப்பான். மூச்சை இழுத்தால் சுலபத்தில் வெளியே விடமாட்டான், காற்றை அப்படி மிச்சம் பிடிப்பான். படகுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார். அந்த மெச்சல் தொடங்கினாலே ஹஃபீலா எழும்பி உள்ளே போய்விடுவாள். அவனோடு இறங்கிய மிஹ்லார், போன சீசனில் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, இரண்டு கால்களும் மரத்துப்போய், இப்போது சக்கர நாற்காலியில் இருந்தபடி ஃபோன்கடை நடத்துகிறான். அவன் வாய் மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு ஓடுகிறது.

“ஆழமில்லாத களப்புல நண்டு வலை போடலாம்தானே? எங்கட மூத்த நானாவும் கூப்பிடுறார்” என்று ஹஃபீலா சொன்னாள். சொன்னாள் என்றால், மாரி போய்க் கச்சான் காற்று வீசத் தொடங்கும் வரைக்கும் சொன்னாள்.

“எனக்கு என்ன குறை? என்ட சுவாசத்துக்கு ஊர்ல ஆள் இல்ல” என்றான் ஃபஸ்லான். “பெருநாள் மைல் ஓட்டத்துல முதலாவதா வாறன் பாரு. வந்தா, சீசன் தொடங்கினதும் கடலுக்குப் போவன், நீ வாய் திறக்கப்படாது. வராட்டி இனிமே சிலிண்டரத் தொடவே மாட்டன்.”

“சொன்ன சொல்லு மாறப்படாது.”

“ஓம்.”

ஊர் முழுக்க ஃபஸ்லானின் பக்கம்தான். அவ்வளவு நேரம் தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கிறவன் தரையில் ஓடினால் யார் பிடிப்பது என்று கேட்டார்கள். கடலையே நம்பிப் பிழைக்கிற ஊருக்கு அது மறுக்க முடியாத நியாயமாகத்தான் பட்டது. ஹஃபீலாவும் அப்படித்தான் நம்பினாள்.

மறுநாள் காலை அவன் ஓடிப் பழக வந்தான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அவள் கடையிலிருந்து, “இஞ்சேருங்க, பகலைக்கு என்ன கறி ஆக்க?” என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டிவிட்டுப் போனான். கடலுக்கு அடியில் ‘எல்லாம் சரி’ என்று சுழியோடிகள் காட்டுகிற சைகை அது.

ஹஃபீலாவுக்கு விளங்கிவிட்டது. மனிதர் தரையிலும் காற்றை மிச்சம் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்! அவள் தேத்தண்ணி வடிகட்டுகிற வடிக்கு மேலேயே குனிந்து சிரித்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருந்தியிருப்பான். அவள் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, அதில் அவளுக்குத் துளியும் வெட்கமில்லை.

விளையாட்டுக் கழகத்து இப்றாஹிம், ஒலிபெருக்கியில் ஓட்டத்தை வர்ணிப்பவர், வழக்கம்போல் அவளிடம் வந்து கேட்டார்.

“பாண்கார சாள்ஸ் அண்ணன்தான் முதலாவது” என்றாள். “எங்கட வூட்டுக்காரர் இந்த ஐஸ் ஆலையடியில நிண்டிருவார்.”

“சொந்தப் புருஷனப் போய் இப்பிடிச் சொல்றியே தங்கச்சி!”

“ஓட்டத்துக்குச் சொந்தம் தெரியாது நானா.”

ஓட்ட நாளன்று கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்தது. இப்றாஹிமின் குரல் காற்றோடு வந்தும் போயுமிருந்து, கடைசியில் ‘ஓடுறாங்க’ என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. முதலில் வளைவில் தெரிந்தவன் ஃபஸ்லான். மற்றவர்கள் வெகு தூரம் பின்னால். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஐஸ் ஆலையின் வாசலுக்கு வந்ததும் கால்கள் பின்னின. முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான். இறைச்சிக்கடை முதலாளி கடந்து போனார். கொத்தனார் ஒருவர் கடந்து போனார். பல வருடமாகச் வீடு வீடாகச் சைக்கிளில் பாண் ரொட்டி விற்று முறுக்கேறிய கால்களோடு சாள்ஸ் வந்தார்.

“பெருநாள் நல்லாப் போச்சா தங்கச்சி? வட்டிலப்பம் மிச்சம் வச்சிருக்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே அவரும் கடந்து போனார்.

“ஹஃபீலா சொன்னாச் சொன்னதுதான்!” என்று பக்கத்துப் பெண்கள் கைதட்டினார்கள்.

நினைத்தது நடந்துவிட்டது. இனி அவன் கடலுக்குப் போகமாட்டான். அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நின்ற பிறகும் கன்னம் உப்பியபடியே இருந்தது. கண் பிதுங்கியது. அவன் இன்னும் மூச்சை விடவில்லை.

அதற்குப் பிறகு பந்தயமாவது மண்ணாவது. வடியும் கையுமாக வீதிக்குப் பாய்ந்தாள்.

“மூச்ச விடுங்க மனுசா! விடுங்க! ஊதி வெளிய விடுங்க!”

அவன் விட்டான். கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்ததுபோல் வந்தது காற்று.

“இப்ப இழுங்க! விடுங்க! இழுங்க! ஓடுங்க!”

அவன் ஓடினான். அவளும் கூடவே, ஒரு கையில் வடி, மறு கையால் முக்காட்டைப் பிடித்தபடி, “விடுங்க, இழுங்க” என்று கத்திக்கொண்டே ஓடினாள். வேலியோரமெல்லாம் சிரிப்பு வெடித்தது. கொத்தனார் பின்னுக்குப் போனார். இறைச்சிக்கடை முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, வாய்விட்டுச் சிரித்தபடி அவர்களுக்கு வழிவிட்டார். சாள்ஸ் மட்டும் எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். சந்தி தெரிகிற இடத்தில் ஒரு வேலிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை, “பாண்கார மாமா!” என்று கூப்பிட்டது. கூப்பிட்ட குரலுக்கு நிற்காமல் போய்ப் பழக்கமில்லாத மனிதர். சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார். பார்த்த அந்த ஒரு கணத்தில் ஃபஸ்லான் அவரைத் தாண்டி முடிவு நாடாவில் போய் விழுந்தான்.

ஹஃபீலா பாதி வழியிலேயே களைத்து, மிச்சத் தூரத்தை நடந்து வந்தாள். “ஹஃபீலா, உன்ட சொல்லு பிழையாப் போச்சே!” என்று யாரோ கேலி செய்தார்கள். அவளால் கையைத்தான் ஆட்ட முடிந்தது. தன் வாயாலேயே அவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்த மிஹ்லார், “மச்சான், முதலாவதா வந்திட்டாய். சீசனுக்கு நீ போறதுதானே?” என்று கேட்டான். பந்தயம் தெரியாதவர் ஊரில் எவரிருந்தார்? இப்றாஹிம் ஒலிவாங்கியை ஃபஸ்லானின் வாயருகே நீட்டினார்.

ஃபஸ்லான் கூட்டத்துக்குள் ஹஃபீலாவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பேசினான்.

“நிண்ட பிறகும் மூச்ச விட எனக்கு ஞாபகம் வரல்ல. அந்த மனிசி வந்து கத்தினதாலதான் விட்டன்.” இரண்டு தரம் ஆழமாக மூச்சு வாங்கினான். “கடலுக்கு அடியில ஆரு வந்து எனக்குக் கத்துவா? நான் போகல்ல.”

முதலில் கைதட்டியவன் மிஹ்லார். ஹஃபீலா நடுவீதியென்றும் பாராமல் குந்தி, முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஃபஸ்லான் பக்கத்தில் வந்து குந்தினான்.

“மூச்ச விட்டு அழு” என்றான்.