கமலா ஏற மறுத்த வண்டி

அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் கேட்காத வீட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அப்படி ஒரு வீடு பங்காருவுடையது. அவன் பிறந்த வீட்டில் அப்பன் நெய்தார், அண்ணன்மார் நெய்தார்கள். இவன் தறியில் உட்கார்ந்தால் மட்டும் நூல் அறுந்தது. "உனுக்கும் தறிக்கும் ஒத்து வராது நைனா, வேற வேலை பாரு" என்று அப்பனே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். லாரியில் கிளீனராகப் போனவன், பத்து வருஷம் கழித்து, மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு பழைய பிக்கப் வண்டியோடு ஊருக்குத் திரும்பினான். நீள மூக்கு, திறந்த முதுகு. அரக்கோணத்திலிருந்து நூல் சிப்பம் ஏற்றி வருவதும், நெய்த லுங்கிகளைத் திருத்தணி ரயிலடியில் கொண்டுபோய் இறக்குவதும் அந்த வண்டியின் பிழைப்பு. அது ஓடிய வரைக்கும் பங்காருவும் தலை நிமிர்ந்து நடந்தான்.

எழுபத்தொன்றாம் வருஷத்தில் அந்தத் தலை குனிந்தது. அவன் மனைவி கமலா, சொந்த மாமன் மகள். எட்டாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டுவிட, வேறு வழியில்லாமல் பிக்கப்பில் பாயை விரித்துப் படுக்கவைத்துத் திருத்தணிக்குக் கிளம்பினான். சிப்பம் சுமக்கவென்றே செய்த வண்டி அது. பின் சக்கரங்களுக்கு மேல், பக்கத்துக்கு ஒன்பதாக, ஸ்பிரிங்குக்கு இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். முழுப் பாரம் இருந்தால் சாதுவாகப் போகும்; பாரம் இல்லாவிட்டால் பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் ஆளைத் தூக்கிப் போடும். ஆர்.கே. பேட்டை தாண்டியதும் வரும் சிறு பாலத்தில் தொடங்கிய கமலாவின் அலறல் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் ஓயவில்லை. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை.

கூடவே வந்த மருத்துவச்சி கன்னியம்மாள், "அது முன்னாலயே அடங்கிப்போச்சுடா, வண்டி மேல பழி போடாதே" என்று எத்தனையோ முறை சொன்னாள். யார் கேட்டது? கமலா ஒரே ஒரு தடவை பேசினாள். "செத்தாலும் இனிமே அந்த வண்டியில நான் ஏற மாட்டேன் பாவா." அதற்குப் பிறகு வண்டி நிற்கும் பக்கம்கூட அவள் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. எழுபத்துமூன்று ஆவணியில் கமலாவுக்கு மறுபடி நாலு மாதம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: பிரசவம் இங்கேதான், பத்து நாள் முன்பே வந்து சேர வேண்டும், வழியில் உடம்பு அலுங்கக் கூடாது. பஸ்ஸில் ஏறினால் பிக்கப்பே தேவலை என்று தோன்றும். வாடகைக் கார் கேட்ட நாளில் வராது. கமலாவோ, "வீட்லயே பெத்துக்கறேன், உசுரு போனா போவட்டும்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பங்காரு அன்றைக்கு முடிவு கட்டினான். அவள் மனசை மாற்றுவது தன்னால் ஆகாது, வண்டியை மாற்றலாம். அவன் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி.

திருத்தணி ரயில்வே கேட் பக்கத்தில் சர்தார் பாயின் மெக்கானிக் ஷெட். கை சுத்தம், வாய் காரம்.

"பாய், டயர் போட்ட மாட்டுவண்டியில படுத்துகினு போறவன் குறட்டை வுட்டுகினு போறான். இரும்புப் பட்டா போட்டதுல போறவன் இடுப்பைப் புடிச்சுகினு எறங்கறான். காத்துதானே வித்தியாசம்? என் வண்டிக்கும் அடியில காத்து வெய்யி."

"மெத்தை தெக்கறவன் கடைக்குப் போற வழி தெரியாம இங்க வந்துட்டியா?" என்றார் சர்தார். ஆனால் எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் வாயை மூடிக்கொண்டு ஸ்பானரை எடுத்தார்.

ஒன்பது பட்டைகளில் ஐந்தைக் கழற்றினார்கள். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, பழைய ஸ்கூட்டர் டயரைப் படுக்கவைத்து, மேலும் கீழும் இரும்புத் தட்டு கொடுத்து, உள்ளே டியூபில் காற்றடித்தார்கள். வண்டி நாலு விரல் உயர்ந்து நின்றது. கையால் அமுக்கினால் இறங்கி, விட்டால் மெதுவாக எழுந்தது. பங்காருவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே ஊருக்கு ஓட்டினான். ஆர்.கே. பேட்டையை நெருங்கும்வரைக்கும் பல்லக்கில் போன மாதிரி இருந்தது.

அதே பாலத்தில்தான் மானம் போனது. பின்பக்கம் ஒரு துள்ளல். உடனே அடியில் இருந்து யாரோ சம்மட்டியால் அடிக்கிற சத்தம். நிறுத்திக் குனிந்து பார்த்தால், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாப்ட் ஒரு முனை கழன்று ரோட்டில் கிடந்தது. அந்த ஷாப்ட் ஒரே துண்டு இல்லை. ஒரு தண்டு ஒரு குழலுக்குள் நுழைந்திருக்கும். அச்சு ஏறி இறங்கும்போது உள்ளே போய் வெளியே வந்து நீளத்தைச் சரிக்கட்டும். வண்டி உயர்ந்ததில் தண்டு குழலின் வாய்க்கே வந்துவிட்டிருந்தது. துள்ளிய துள்ளலில் வெளியே வந்து விழுந்தது.

"நீளம் பத்தலை, அவ்வளவுதான்" என்றார் சர்தார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்க, அளவெடுத்து, அரக்கோணம் லேத் பட்டறையில் துண்டு சேர்த்துப் பற்றவைத்து வந்தார். இனிமேல் கழலவே கழலாது. கழலவில்லைதான். ஐப்பசியில் எட்டு சிப்பம் ஏற்றியதும் வண்டி இறங்கியது. நீள ஷாப்டுக்குச் சுருங்க இடமில்லாமல் கியர் பாக்ஸை முட்டித் தள்ளியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஷாப்ட் முனையை இணைக்கும் கிராஸ் மூட்டு உடைந்து, கியர் ஆயில் மொத்தமும் ஒழுகிப்போனது.

சர்தாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தப்பு தன்னுடையது என்று தெரிந்தவனுக்கு வருகிற கோபம்தான் பெரிய கோபம். "பழைய பட்டையை மாட்டிகினு போய்ச் சேரு. காத்தும் வேணாம், கழுதையும் வேணாம்."

பங்காரு போகவில்லை. ஷெட் தரையிலேயே, உடைந்த ஷாப்டின் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். சர்தார் வேறொரு வண்டியைக் கழற்றி மாட்டி முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் கேட்டான்.

"பாய், அளவெடுக்க சொல்ல வண்டி எங்க இருந்துது?"

"ஜாக்கி மேல."

"அந்தரத்துல தொங்கற காலுக்கு அளவெடுத்து செருப்பு தெச்சா, அது நடக்கற காலுக்கு எப்படிப் பொருந்தும்?"

சர்தார் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "ஆங்... சரிதான்" என்றார். "தொங்கும்போது ஒண்ணு, காலியா நிக்கும்போது ஒண்ணு, பாரத்தோட ஒண்ணு. மூணு அளவு வேணும். பாரம் ஏத்தி வெய்யி, உன் ஊருக்கே வரேன்."

ஷாப்டைக் கழற்றிய வண்டியைப் பங்காரு ஒரு லாரியின் பின்னால் கட்டி ஊருக்கு இழுத்துவந்தான். சர்தார் வருவதாகச் சொன்ன நாள் கார்த்திகை அமாவாசை. அன்று தறி நிற்கும். நூல் கிடங்கும் பூட்டியிருக்கும். சிப்பத்துக்கு எங்கே போவது? பங்காரு முந்தின நாளே தெருவில் வீடு வீடாகப் போய், "நாளைக்குக் காலையில வந்து வண்டியில உக்காருங்க" என்று பெண்களிடம் சொல்லிவைத்தான். எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டான்.

விடிந்ததும் ஏழு பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, தேங்காய் பழப் பையோடு வந்து நின்றார்கள். திருத்தணி மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். வண்டியோ வீட்டெதிரே வறண்டு கிடந்த வாய்க்காலுக்குக் குறுக்கே, இந்தக் கரையில் இரண்டு சக்கரம் அந்தக் கரையில் இரண்டு சக்கரமாக நின்றது. வாய்க்காலுக்குள் சர்தார் மல்லாந்து படுத்துக் கிடந்தார்.

"இன்னாடா இது, வண்டி போவாதா?" என்றாள் கன்னியம்மாள்.

"இன்னைக்குப் போவாது. நீங்க சும்மா பாரமா உக்காந்தா போதும்."

"பாரமா உக்கார நான் பூ வெச்சுகினு வந்தேனா?" கிழவி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அடுத்த அமாவாசைக்கு எல்லாரையும் இதே வண்டியில் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போவதாகச் சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் ஏழு பேரும் முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்கள்.

சர்தார் கீழிருந்து குரல் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் எறங்கணும். இன்னொரு ஆள் ஏறுங்க."

தெருவில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் கமலா. ஏழாம் மாதம். அவள் மெல்ல நடந்து வந்தாள். "நிக்கிற வண்டிதானே" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கன்னியம்மாள் நீட்டிய கையைப் பிடித்து ஏறினாள். வண்டி ஒரு விரல் இறங்கி மெத்தென்று நின்றது. அவளைப் பார்த்தால் இறங்கிவிடுவாளோ என்று பங்காரு வாய்க்காலுக்குள் குனிந்துகொண்டான்.

சர்தார் அளவுக்காகப் பிடித்த பாவு நூல் ஒன்றில் மூன்றாவது முடிச்சைப் போட்டார். காலியாக நின்றபோதும், ஜாக்கியில் தொங்கியபோதும் போட்ட இரண்டு முடிச்சு முன்பே இருந்தது. அந்த நூலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து, கழித்த லாரி ஒன்றின் நீளக் குழலைப் பிடித்தார். எவ்வளவு அமுங்கினாலும் முட்டாது, எவ்வளவு துள்ளினாலும் கழலாது. உயர்ந்த வண்டியில் ஷாப்ட் சாய்வாக ஓடி அதிராமல் இருக்க, பட்டைக்கு அடியில் இரும்பு ஆப்பு கொடுத்து அச்சில் ஷாப்ட் வந்து சேரும் மூக்கையும் நிமிர்த்தினார்.

மார்கழி அமாவாசைக்கு ஏழு பெண்களும் மலையடிவாரம் போய், படியேறிக் கும்பிட்டு, அதே வண்டியில் திரும்பினார்கள். அந்தப் பாலத்தில் பங்காரு வேண்டுமென்றே வேகமாக விட்டான். வண்டி ஒருமுறை மூச்சு வாங்கி அடங்கியது. ஊர் திரும்பியதும் கன்னியம்மாள் நேரே கமலாவிடம் போனாள். "மடியில வெச்ச தேங்காத் தண்ணி ஒரு சொட்டு சிந்தலைடி."

தை பிறந்தது. டாக்டரம்மா சொன்ன நாளன்று காலையில், பங்காரு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வண்டியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். கமலா துணிப்பையோடு வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், "பாயை விரி பாவா" என்றாள்.

கன்னியம்மாள் கூட உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. பங்காருவின் கண் ரோட்டில், காது பின்னால். ஆர்.கே. பேட்டை வந்தது, சத்தம் இல்லை. பாலத்தைத் தாண்டினான், சத்தம் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. சடாரென்று ஓரம் கட்டி, கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்னால் ஓடினான்.

கன்னியம்மாள் உதட்டில் விரல் வைத்தாள். "கத்தித் தொலையாதே. தூங்குது பொண்ணு."

கமலா வாய் லேசாகத் திறந்தபடி, வயிற்றின் மேல் கையைப் போட்டுக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றதில்தான் கண் விழித்தாள். "இன்னாத்துக்கு நிறுத்துன பாவா? ஆஸ்பத்திரி வந்துட்டுதா?"

"இல்ல. நீ தூங்கு" என்றான். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு ரோடு கலங்கலாகத் தெரிந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தான்.

பதினோராம் நாள் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கிளம்புகையில் சர்தார் ஷெட்டிலிருந்து ஓடிவந்து அடியில் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். பங்காரு ஓட்டினான் என்றா சொல்வது, ஊர்ந்தான். மாட்டுவண்டி ஒன்று அவனை முந்திப் போனது. அதன் மேல் இருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

பின்னாலிருந்து கமலாவின் குரல் வந்தது. "இன்னா பாவா, தேர் இழுக்கறியா? புள்ள வெயில்ல வாடுது. வேகமாத்தான் போயேன்."

பங்காரு கியரை மாற்றினான்.